எடைக்குப் போகாத குரல்கள்

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். இது சொந்தக் கடிதம் அல்ல. புதிதாகத் தொடங்கியிருக்கும் எங்கள் ஊர் வரலாற்றுக் காப்புக் கழகத்தின் செயலாளர் என்ற முறையில் எழுதுகிறேன். முகவரியை உங்கள் மகளிடம் கேட்டு வாங்கினேன். அவளைத் திட்ட வேண்டாம்.

சென்ற மழைக்காலத்தில் நகராட்சிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்தது. அங்கே கிடந்த பழைய காகிதங்களை எல்லாம் கூழ் ஆலைக்கு அனுப்பிவிட முடிவு செய்தார்கள். பிறப்பு இறப்புப் பதிவுகள், தெரு வரைபடங்கள், படகுத்துறை ரசீதுகள், எதுவும் மிச்சமில்லாமல் லாரியில் ஏற்றினார்கள். நம் பல் டாக்டர் பார்த்துவிட்டு, தன் காரை லாரிக்குக் குறுக்கே நிறுத்தி, "ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுங்க, என்ன பண்றது?" என்று பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். அந்த இடைவெளியில் நானும் நூலகரும் இன்னும் சிலரும் கைக்குக் கிடைத்ததை இறக்கினோம். முக்கால்வாசி போய்விட்டது. மிஞ்சியதைக் காப்பாற்றத்தான் கழகம்.

பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா, "இதுல உங்களுக்கு என்னம்மா லாபம்?" என்று கேட்டார். "லாபம் இல்லாததாலதான் சார் கழகம்னு பேர் வெச்சிருக்கோம், இல்லேன்னா கம்பெனின்னு வெச்சிருப்போம்" என்றேன். முத்திரை குத்திவிட்டார். இப்போதைக்குக் கூட்டங்கள் பல் டாக்டரின் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் நடக்கின்றன. உள்ளே மெஷின் சத்தம் கேட்பதால் யாரும் நீளமாகப் பேசுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உள்ளூர் வானொலி நிலையத்தை மூடியபோது அங்கே வேலை பார்த்த அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒலிநாடாக்கள் இந்த ஊரின் சொத்து. வீட்டை விற்றபோது அவற்றை நீங்கள் எடைக்குப் போட்டுவிட்டதாக அறிந்தோம். அதுபோக ஏதாவது மிஞ்சியிருந்தால், ஒன்றிரண்டு என்றாலும், கழகத்துக்குத் தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்


பிப்ரவரி 20

செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உன்னை 'நீ' என்றே கூப்பிட்டுப் பழகிய வாய். ஆனாலும் நீங்கள் பதவியோடு எழுதியிருப்பதால் நானும் மரியாதையோடு எழுதுகிறேன்.

எடைக்குப் போனது பழைய செய்தித்தாளும், கால் உடைந்த நாற்காலிகளும், உங்கள் அண்ணன் ரிப்பேர் பண்ணுகிறேன் பண்ணுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்த மின்விசிறியும்தான். எதிர்வீட்டு அம்மா மாடியிலிருந்து பார்த்தார். அட்டைப் பெட்டிகள் போவதைப் பார்த்தார். உங்களிடம் சொன்னார். நீங்கள் நம்பினீர்கள். பெட்டியில் என்ன இருந்தது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஊரைவிட்டுக் கிளம்பியபோது ரயிலடிக்குக்கூட வரவில்லை. அண்ணனோட உசிரையே எடைக்குப் போட்டுட்டாள் என்று ஊரெல்லாம் சொன்னீர்களாமே, அது மட்டும் எனக்கு வந்து சேர்ந்தது.

ஒலிநாடாக்கள் என்னிடம் இருக்கின்றன. எல்லாம் இருக்கின்றன. பிஸ்கட் டப்பாக்களில், என் மகள் வீட்டில், துணி துவைக்கும் மெஷினுக்கு மேலே இருக்கும் பரணில்.

தர முடியாது. காரணம் கேட்காதீர்கள்.

பல் டாக்டரை விசாரித்ததாகச் சொல்லவும். எனக்கு அவர் கட்டிய பல் இன்னும் அசையவில்லை.

இப்படிக்கு,
தங்கள் அண்ணி (பதவி ஏதும் இல்லை)


பிப்ரவரி 27

அண்ணி,

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். "எல்லாம் இருக்கின்றன" என்ற இடத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை. பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு பல் டாக்டரிடம் ஓடினேன். ஒருவர் வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். "டாக்டர், இருக்கு! எல்லாம் இருக்கு!" என்று கத்தினேன். அந்த மனிதர் தன் பற்களைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக் கும்பிட்டார்.

கேட்டிருக்க வேண்டும் அண்ணி. கேட்கவில்லை. அண்ணன் போன துக்கத்தில் கோபப்பட யாராவது வேண்டியிருந்தது, நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஆனால் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! "என்கிட்டதாண்டி இருக்கு, வாயை மூடு" என்று ஒரு வரி எழுதியிருந்தால் இத்தனை வருடம் வீணாகியிருக்காது. ஏன் அந்தப் பழியைச் சுமந்துகொண்டு போனீர்கள்?

அது இருக்கட்டும். இப்போது செயலாளராகச் சொல்கிறேன். பழைய தண்ணீர் இறைக்கும் நிலையம் நினைவிருக்கிறதா, ஆற்றோரத்தில் உயரமான ஜன்னல்களோடு? பம்புகளைக் கழற்றிவிட்டார்கள். அந்தக் கூடத்தை எங்களுக்குத் தர நகராட்சி யோசிக்கிறது. ஆனால் ஏப்ரலில் ஒரு குழு வந்து, பாதுகாக்கும்படி எங்களிடம் என்ன இருக்கிறது என்று பார்க்குமாம். நாங்கள் காப்பாற்றியதோ ஈரத்தில் ஒட்டிப்போன காகிதம். நூலகர் தினமும் ஒரு தாளைப் பிரித்து, கொடியில் துணி மாதிரி காயப்போடுகிறாள். அதைக் காட்டி இடம் கேட்டால் சிரிப்பார்கள். நாங்கள் தோற்றால் அந்தக் கூடத்தில் உடைந்த தெருவிளக்குகளை அடுக்கப் போகிறார்கள்.

இந்த ஊர்க்காரர்கள் பேசியது அந்த டப்பாக்களில் இருக்கிறது. ஏன் தர மாட்டீர்கள்? காரணம் கேட்காதே என்றால் எப்படி?

நாத்தனார்


மார்ச் 8

நாத்தனாருக்கு,

'நீங்கள்' எழுதிக் கை வலிக்கிறது. 'நீ' என்றே எழுதுகிறேன்.

உன் கடிதத்தை என் மகள் சத்தமாகப் படித்தாள். பற்களுக்காகக் கும்பிட்ட மனிதரிடம் வந்தபோது இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள், "அத்தை பாவம்மா. குடுத்துடேன்" என்றாள்.

அவளுக்குத் தெரியாது. உன் அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது என்னிடம் ஒன்று சொன்னார். "அந்த டேப்பெல்லாம் தங்கச்சி கைக்குப் போகக்கூடாது. அதுல ஒண்ணு அவ காதுல விழக் கூடாது. விழுந்தா தாங்க மாட்டா." எதுவென்று சொன்னார், எந்த டப்பா என்று சொல்லவில்லை. எழுதி ஒட்டுகிற பழக்கம் அந்த மனிதருக்கு எப்போது இருந்தது? அதனால் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு வந்தேன். எடைக்குப் போட்டதாக நீ நினைத்தது எனக்கு வசதியாகப் போயிற்று. இல்லாததை யாரும் கேட்க மாட்டார்களே. கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். நிறைய இருந்தது. ஆனாலும் வசதியாக இருந்தது.

இன்னொரு கஷ்டம். உன் கடிதம் வந்த பிறகு மகள் பரணில் ஏறி ஒரு டப்பாவைத் திறந்தாள். குப்பென்று புளித்த வாடை. பழைய நாடாக்கள் கெட்டுப்போனால் அப்படித்தான் நாறுமாம். வாஷிங் மெஷினின் சூடும் ஈரமும் இத்தனை நாள் அதற்கு மேலேதானே போயிருக்கும். அந்த நிமிஷம் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? எல்லாம் கெட்டிருந்தால் நல்லது, பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றியது. பிறகு பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அவர் தோளில் ஒலிப்பதிவு மெஷினை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிடித்த குரல்கள். அதை நான் வேக வைத்துவிட்டேனோ என்னவோ.

இங்கே ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். எல்லா டப்பாக்களையும் அவரிடம் கொடுத்திருக்கிறோம். "கேரண்டி சொல்ல முடியாதும்மா" என்று உதட்டைப் பிதுக்குகிறார்.

இப்போதாவது புரிந்துகொள். வற்புறுத்தாதே.

அண்ணி


மார்ச் 15

அன்புள்ள அண்ணி,

ஆற்றங்கரைத் தெருவில் எடுத்த டேப்தானே?

நீங்கள் சொல்ல வேண்டாம், நான் சொல்கிறேன். அப்பா கான்ட்ராக்ட் எடுத்துக் கட்டிய ஆற்றுக் கரையைப் பற்றி யாரோ பேசியிருக்கிறார்கள். வெள்ளம் வந்த இரவில் கரை உடைந்து, தெருவே போயிற்றே, அதைப் பற்றி. கான்ட்ராக்டர் சிமென்ட்டைக் குறைத்தார் என்று சொல்லியிருப்பார்கள். அதுதானே அண்ணன் எனக்கு மறைத்தது?

அண்ணி, நான் எங்கே வேலை பார்த்தேன் என்பதை நீங்கள் இருவரும் மறந்துவிட்டீர்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊரில் யார் யாரிடம் பேசினாலும் நடுவில் உட்கார்ந்திருந்தவள் நான். கேட்கக் கூடாது என்பது விதி. காது விதியைக் கேட்குமா?

வேலைக்குச் சேர்ந்த புதிது. மழை பெய்துகொண்டிருந்த ஒரு மதியம். மரக்கடைக்காரர் வெளியூரில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "அது மணல்ல கட்டின கரைங்க. கான்ட்ராக்டர் மட்டும் மாடி வீட்டுல நல்லா இருக்கார்." வயரைப் பிடுங்கிவிடக் கை போனது. பிடுங்கவில்லை. டிரங்க் காலுக்குக் கட்டிய மூன்று நிமிஷம் முடிந்ததும் வழக்கம்போல, "தொடரவா சார்?" என்று கேட்டேன். என் குரலை அவருக்குத் தெரியும். போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ தரம் கேட்டேன். அப்பா உயிரோடு இருந்தபோதும் கேட்டேன், போன பிறகும் கேட்டேன். அண்ணனிடம் மட்டும் மூச்சு விடவில்லை. அவனுக்கு அப்பா என்றால் உயிர். தாங்க மாட்டான் என்று நினைத்தேன். அவன் மெஷினை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைத் தெருவுக்குப் போன அன்று, அவன் காதில் விழுந்துவிடுமே என்று வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். திரும்பி வந்து, "ஒண்ணும் சரியா பதிவாகலை. காத்து ஜாஸ்தி" என்றான். அப்பாடா என்று அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

இருவரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மூடி வைத்து, ஒரே வீட்டில் சாப்பிட்டு எழுந்திருக்கிறோம். என்னத்தைச் சொல்ல!

அப்பா குறைத்தாரா, ஆட்கள் குறைத்தார்களா, வெள்ளம்தான் பெரியதா, எனக்குத் தெரியாது. விசாரணைக் காகிதம் அந்த லாரியில் போயிருக்கும். தெரியாது என்பதைத் தெரியாது என்றே வைத்துவிட்டுப் போவோம். ஆனால் ஜனங்கள் சொன்னதை மறைத்துவிட்டு வரலாற்றுக் கழகம் என்று பலகை மாட்ட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அண்ணனுக்குக் கொடுத்த வாக்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நான் தாங்க மாட்டேன் என்றுதானே பயந்தான்? தாங்கி எத்தனையோ வருடம் ஆயிற்று.

அது கெட்டுப் போகாமல் இருக்க வேண்டும் அண்ணி. இப்போது அந்த ஒரு பயம்தான்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 28

அன்புள்ள ஹலோவுக்கு,

நீ எக்ஸ்சேஞ்சில் சேர்ந்ததிலிருந்து உன் அண்ணன் உன்னைக் கூப்பிட்ட பெயரால் கூப்பிட்டுவிட்டேன். பொறுத்துக்கொள்.

முதலில் நல்ல சேதி. புளித்துப்போனது இரண்டு டப்பாக்கள்தான். மற்றதெல்லாம் பிழைத்துவிட்டது! ஒலிப்பதிவுக்காரர் போன் பண்ணி, "அம்மா, வந்து கேளுங்க" என்றார். நானும் மகளும் அப்படியே கிளம்பிப் போனோம். அவர் வீட்டு முன்னறையில் துணி உலர்த்தும் கம்பிக்குக் கீழே உட்கார வைத்து ஓடவிட்டார். முதலில் கரகரப்பு. அப்புறம் ஒரு இருமல். அந்த இருமலைக் கேட்டதும் என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவர். "ஒண்ணு, ரெண்டு, மூணு. சரியா வருதா? எங்க வருது, நாய் கத்துது." அவ்வளவுதான் சொன்னார். போதும் என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன். அழவில்லை. எனக்கே ஆச்சரியம், பசித்தது. வழியில் கடையில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டோம்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "தொடரவா சார்?" என்று கேட்டாயே, அதைப் படித்துவிட்டு எனக்கு உன்மேல் இருந்த பாதிக் கோபம் போய்விட்டது. மீதியை நேரில் பார்க்கும்போது தீர்த்துக்கொள்கிறேன்.

ஆற்றங்கரைத் தெரு டேப் நன்றாக இருக்கிறது. நேற்று போய் அதை முழுக்கக் கேட்டேன். காத்தும் இல்லை ஒன்றும் இல்லை. தெள்ளத் தெளிவாக இருக்கிறது. பேசுகிறவர் படகுக்காரர். வெள்ளத்தில் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர். மாமாவைத் திட்டுகிறார் ஹலோ. வாய்க்கு வந்தபடி திட்டுகிறார். உன் அண்ணன் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நடுவில், "நான் யார் மகன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்று மட்டும் கேட்கிறார். "தெரிஞ்சுதானே சொல்றேன்" என்கிறார் அவர். "சரி, சொல்லுங்க" என்கிறார் இவர். மெஷினை நிறுத்தவே இல்லை.

ஒன்று கேட்கிறேன். அந்தப் படகுக்காரரின் மகள்தானே உங்கள் நூலகர்? அந்த வெள்ளத்தில் தொட்டிலோடு தப்பித்த குழந்தை? உன் கழகத்தில் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். குழு முன்னால் போடுவதற்குள் அவளிடம் சொல்லிவிடு.

முட்டி வீங்கியிருப்பதால் என்னால் ரயில் ஏற முடியாது. டப்பாக்களை மகள் கொண்டுவருவாள். ஸ்டேஷனுக்கு நீயே போ, யாரையும் அனுப்பாதே.

அண்ணி


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணி,

சொல்லிவிட்டேன். நூலகத்தில் ஆள் இல்லாத வேளை பார்த்துப் போனேன். அவள் கொடியில் தாள்களைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "உங்க அப்பா பேசினது கிடைச்சிருக்கு. எங்க அப்பாவைப் பத்திப் பேசியிருக்கார். நல்லா பேசலை" என்றேன். ஒரு தாளைக் கையில் பிடித்தபடியே நின்றாள். பிறகு, "சரிங்கக்கா" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை. நானும் நூலகப் பக்கம் போகவில்லை. போனால் என்ன முகத்தோடு போவது?

பல் டாக்டர், "அந்த ஒண்ணை மட்டும் இப்போதைக்கு எடுத்து வெச்சிடலாமே. ரூம் கிடைச்ச பிறகு பார்த்துக்கலாம்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். "டாக்டர், சொத்தைப் பல்லை மட்டும் விட்டுட்டு மீதியைச் சுத்தம் பண்ணுவீங்களா?" என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆனால் உள்ளுக்குள் ஆட்டம் கண்டிருக்கிறேன் அண்ணி. கூடம் கிடைத்து அவளை இழந்தால் எனக்கு அது வெறும் பலகைதான்.

ஸ்டேஷனுக்கு நானே போவேன்.

உங்கள் ஹலோ


ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணி,

உங்கள் மகள் போனில் சுருக்கமாகச் சொல்லியிருப்பாள். நான் முழுதாக எழுதுகிறேன்.

குழுவில் மூன்று பேர் வந்தார்கள். தலைவர் வரும்போதே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். தண்ணீர் நிலையத்துக் கூடத்தில் பல் டாக்டரின் பெஞ்சுகளைப் போட்டிருந்தோம். உங்கள் ஒலிப்பதிவுக்காரர் இரவல் கொடுத்த மெஷினை உங்கள் மகள் இயக்கினாள். அவளுக்கு அண்ணனின் விரல் அண்ணி, நாடாவைத் தொடுவதுகூட அதே மாதிரி தொடுகிறாள்.

முதலில் பஸ் நிலையத்தில் எடுத்தது, அப்புறம் மீன் கடைக்காரிகள் சண்டை. தலைவர் சிரித்தார். ஒரு குரல் வந்ததும் கையைத் தூக்கி, "நிறுத்துங்க, நிறுத்துங்க. இது எங்க சார்! எனக்குக் கணக்கு எடுத்தவர்!" என்று பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு கடிகாரம் இருக்கும் கை பேன்ட் பைக்குள் போய்விட்டது.

அப்போதுதான் நூலகர் உள்ளே வந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். உங்கள் மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். ஆற்றங்கரைத் தெருவைப் போட்டாள்.

நீங்கள் கேட்டதுதான், நான் திரும்ப எழுத வேண்டாம். இத்தனை வருடம் ஒட்டுக்கேட்ட பேச்சு, முதல் தடவையாக என் முகத்துக்கு நேராக வந்தது. கூடத்தில் எல்லோருக்கும் நான் யார் மகள் என்று தெரியும். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தேன். முடிந்ததும் தலைவர் எழுந்து என்னிடம் வந்து, "இதைச் சேர்த்துப் போட்டீங்களேம்மா" என்றார். "பதிவானது எல்லாத்தையும் வெச்சுக்கிறதுக்குத்தான் சார் இடம் கேக்கறோம்" என்றேன். அவர் மற்ற இருவரையும் பார்த்தார். வாசலிலேயே நின்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

எல்லோரும் போன பிறகும் நூலகர் எழுந்திருக்கவில்லை. கிட்டே போனேன். மன்னிப்புக் கேட்பதா, யாருக்காகக் கேட்பது, ஒன்றும் புரியவில்லை. "ஏம்மா இத்தனை நாளா வரலை?" என்று மட்டும் கேட்டேன்.

"பயமா இருந்துச்சுக்கா" என்றாள். "கேட்டா அது அப்பா குரல்னு எனக்குத் தெரியாமப் போயிடுமோன்னு. அவர் போய் இவ்வளவு வருஷம் ஆச்சு, மறந்தே போயிட்டேன்னு நினைச்சுட்டு இருந்தேன்."

நான் எதற்குப் பயந்தேன், அவள் எதற்குப் பயந்திருக்கிறாள்!

"தெரிஞ்சுதா?"

"முதல் வார்த்தையிலேயே." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்குக் கஷ்டமா இல்லைன்னா இன்னொரு தரம் போடச் சொல்றீங்களா?"

"முழுசாவா?"

"முழுசா."

போட்டோம். இந்தத் தடவை அவள் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவள் அப்பா என் அப்பாவைத் திட்டிக்கொண்டே இருந்தார். ஒரு இடத்தில் மூச்சுக்கூட விடாமல் அடுக்கினார் பாருங்கள், அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வீட்டுலயும் இப்படித்தாங்கக்கா, ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார்" என்றாள். நானும் சிரித்துவிட்டேன். உங்கள் மகள் எங்கள் இருவரையும் பார்த்து, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது போல் விழித்தாள்.

கூடத்தைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு மூவரும் நடந்தே வந்தோம். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சும்மா சாய்ந்தேன். கண் விழித்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. உங்கள் மகள் விளக்கைப் போட்டுவிட்டு, "அத்தை, குறட்டை வெளி வாசல் வரைக்கும் கேக்குது" என்றாள்.

முட்டி சரியானதும் வாருங்கள். மீதிப் பாதிக் கோபத்தையும் கொண்டுவாருங்கள்.

உங்கள் ஹலோ